பிரிகேட் தலைமையகத்துக்குக் கணினிப் போர்ப் பாவனைப் பயிற்சி: தொடக்கம் முதல் மீளாய்வு வரை

ஜப்பானியர் சிங்கப்பூரில் கரையேறிய மறுநாள், 1942 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு, தீவைக் காத்த பிரிட்டிஷ் படைகளின் தலைவர் ஜெனரல் பெர்சிவல் ஓர் ஆணையைத் தயாரித்தார். தீவின் மேற்கில் இருந்த ஜூரோங் அரண்வரிசை கைவிட்டுப் போகும் நிலை வந்தால் நகரைச் சுற்றிக் கடைசி வளையத்தை எங்கே அமைப்பது என்று முன்கூட்டியே சொல்லும் ஆணை. அது ஆஸ்திரேலியப் படைகளின் தளபதி கோர்டன் பென்னெட் வழியாகக் கீழே இறங்கி, மறுநாள் ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேட் (ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) தளபதி டெய்லரின் கைக்கு வந்தது. உடனே பின்வாங்கச் சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த வரிசை பெரிய சண்டை இல்லாமலே கலைந்து போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வீரர்களுக்கு எத்தனை ஆயிரம் தோட்டா கொடுத்துச் சுடச் சொன்னாலும் இந்த வகைத் தவறு குறையாது. ஆணையை எழுதுவது, அனுப்புவது, படிப்பது, புரிந்ததைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது ஆகியவை தலைமையகத்தின் வேலை. அந்த வேலையை அமைதிக்காலத்தில் உண்மையான நெருக்கடியோடு பழக்குவதற்குத்தான் கணினிப் போர்ப் பாவனை இருக்கிறது. இந்த வழிகாட்டி அதை எப்படி ஏற்பாடு செய்வது, நடத்துவது, அலசுவது என்று சொல்கிறது. பிரிகேட் தலைமையகத்துக்குப் புதிதாக மாற்றப்பட்ட தேசிய சேவையாளர்களுக்கும், போர் வரலாற்றில் ஈடுபாடுள்ள நண்பர் குழுக்களுக்கும் இது பயன்படும். இன்றைய படைகளின் திட்டங்களை எடுத்துக்காட்டாக வைத்து எழுத அதிகாரபூர்வ இரகசியச் சட்டம் இடம் தராது. அதற்கு அவசியமும் இல்லை. 1942 பிப்ரவரியின் லிம் சூ காங், தெங்கா, ஜூரோங் எல்லாம் திறந்த ஆவணங்களில் இருக்கின்றன.

முதலில் ஒரு தெளிவு

ராணுவப் பாவனைகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். உண்மையான ஆட்கள், உண்மையான நிலத்தில், லேசர் கருவி பொருத்திய துப்பாக்கிகளோடு மோதுவது நேரடிப் பாவனை. டாங்கி ஓட்டுநரும் விமானியும் போலிக் கலத்தில் உட்கார்ந்து பழகுவது மெய்நிகர்ப் பாவனை. மூன்றாவதில் வீரர்களும் வண்டிகளும் கணினிக்குள் மட்டுமே இருப்பார்கள். மனிதர்கள் வெளியே இருந்து ஆணையிடுவார்கள். தளபதிகளுக்கும் தலைமையக அதிகாரிகளுக்கும் உரியது இந்த மூன்றாவது வகை.

சிங்கப்பூருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்கு வரைபடமே பதில். ஒரு பிரிகேட் தன் முழு ஆள்பலத்தோடும் வண்டிகளோடும் விரிந்து நகர இங்கே இடம் கிடையாது. அதனால்தான் 1990 முதல் ‘வாலபி’ பயிற்சிக்கு ஆஸ்திரேலியாவின் ஷோல்வாட்டர் பே வரை கப்பலில் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தேசிய சேவையை முடித்தவர்களை ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாட்கள்தான் முகாமுக்கு அழைக்க முடியும். ஒரு வங்கி ஊழியரும் ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து சில நாட்களுக்குள் ஒரு தலைமையகமாக இயங்கியாக வேண்டும். மூவாயிரம் பேரைக் களத்தில் இறக்கி அந்த மூவரைப் பழக்குவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

படி 1: யாரைப் பழக்குகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு பயிற்சியில் ஒரே ஒரு நிலையைத்தான் ஒழுங்காகப் பழக்க முடியும். பிரிகேட் தலைமையகம் பயிற்சி பெறுகிறது என்றால் அதற்கு மேலே இருக்கும் டிவிஷனும் கீழே இருக்கும் பட்டாலியன்களும் நடிக்கப்படுபவை. இதை முதல் நாளே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பட்டாலியன் தளபதிகளும் ‘நாங்களும் கற்றுக்கொள்கிறோமே’ என்று உள்ளே வருவார்கள். கடைசியில் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

அடுத்து, பயிற்சி நோக்கங்கள். மூன்று போதும். ‘கூட்டு நடவடிக்கைத் திறனை மேம்படுத்துதல்’ என்பது நோக்கம் அல்ல. அது விருந்தினர் உரைக்கான வாக்கியம். நோக்கம் கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று குறிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக: எதிரி கரையேறிய செய்தி கிடைத்து அரை மணி நேரத்துக்குள் பீரங்கிக்குத் தெளிவான ஆணை போக வேண்டும். பட்டாலியனோடு தொலைபேசித் தொடர்பு அறுந்தால், தளபதி கேட்பதற்கு முன்பே மாற்று வழி இயங்கத் தொடங்க வேண்டும். நிபந்தனையோடு வரும் மேலிடத்து ஆணையை அந்த நிபந்தனையோடுதான் கீழே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது நோக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

படி 2: களச்சூழலைத் தேர்ந்தெடுங்கள்

நான் பரிந்துரைப்பது 1942 பிப்ரவரி 8 மாலை முதல் 10ஆம் தேதி வரையிலான வடமேற்குக் கரை. ஆஸ்திரேலிய 22ஆம் பிரிகேட்டின் மூன்று பட்டாலியன்கள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கரையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்தன. வலப்புறம் கிராஞ்சி ஆற்றை ஒட்டி 2/20ஆம் பட்டாலியன், நடுவில் 2/18, தெற்கே 2/19. பெர்சிவல் எதிரி வடகிழக்கில் வருவான் என்று கணித்து, புதிதாக வந்த பிரிட்டிஷ் 18ஆம் டிவிஷனை அந்தப் பக்கம் வைத்திருந்தார். 8ஆம் தேதி பகல் முழுவதும் நடந்த குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. இரவில் படகுகள் வந்தபோது கரையில் இருந்த தேடுவிளக்குகள் எரியவில்லை. பீரங்கி ஆதரவு தாமதமாகத்தான் வந்தது. முதல் அலையில் ஏறத்தாழ 4000 பேர் கரையேறினர். அவர்களுடைய முதல் பெரிய இலக்கு தெங்கா விமானத்தளம்.

தலைமையகத்தை வதைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் கிடைக்காது: அகலமான முனை, குறைந்த ஆள்பலம், இருட்டு, சதுப்புக்காடு, அறுந்த தொடர்பு.

தரவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்திரேலியப் போர் நினைவகம் தன் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பழைய வரைபடங்களுக்கு நமது தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை குழுவாகக் கிராஞ்சி நீர்த்தேக்கப் பூங்காவுக்குப் போய் ஜோகூரைப் பார்த்தபடி நில்லுங்கள். எதிர்க்கரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது வரைபடத்தில் உறைப்பதில்லை, அங்கே உறைக்கும்.

பயிற்சி பெறுபவர்களுக்கு வரலாறு தெரிந்திருக்குமே என்ற கேள்வி வரும். தெரிந்திருக்கும். ஆகவே ஊர்ப்பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, எதிரி எங்கே, எப்போது இறங்குவான் என்பதை எதிரணியின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். 1942இல் ஜப்பானியர் இறங்கிய சரிம்புன் கரையில் காத்திருப்பவர்களுக்கு அவன் வேறெங்காவது வந்து நிற்கட்டும்.

படி 3: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதைச் சந்தேகியுங்கள்

படைகள் பயன்படுத்தும் பெரிய அமைப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் 1970களின் பிற்பகுதியில் உருவான ‘ஜானஸ்’ இவற்றின் மூதாதை என்று சொல்லலாம். பின்னர் வந்த ‘ஜேகேட்ஸ்’ அதே ஆய்வுக்கூடத்தின் படைப்பு. வெவ்வேறு பாவனைகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பொது நெறிமுறைகளும் 1990களிலிருந்து தரப்படுத்தப்பட்டுள்ளன. தனி ஆட்களுக்கு இவை கிடைக்காது. கவலையும் வேண்டாம். கடையில் விற்கும் தரைப்போர் விளையாட்டுகளில் கள வரைபடத்தையும் படைப்பிரிவுகளையும் நாமே மாற்றியமைக்க வசதி தருபவை பல உண்டு. எதுவும் கிடைக்காவிட்டால் ‘வாஸல்’ என்ற இலவச மென்பொருளில் வரைபடத்தையும் படைக்குறிகளையும் ஏற்றி, இழப்புகளை ஒரு விரிதாளில் கணக்கிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் அதுவே தாராளமாக ஓடும்.

படங்கள் அழகாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியவை நான்கு: ஒவ்வோர் அணிக்கும் அது பார்க்கக்கூடியதை மட்டும் காட்டும் வசதி, நேரத்தை நிறுத்தவும் தொடரவும் வசதி, நடந்ததை முழுவதும் பதிந்து திரும்ப ஓட்டும் வசதி, தரவுத்தளத்தில் எண்களைத் திருத்தும் வசதி. புகையும் நெருப்பும் முப்பரிமாணத்தில் தெரிவதால் ஒரு தளவாட அதிகாரி ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை.

உள்ளே ஓடும் கணக்கையும் ஓரளவு அறிந்துகொள்ளுங்கள். இழப்புக் கணக்குகளில் பலவற்றுக்கு அடிப்படை, முதல் உலகப் போர்க் காலத்தில் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தந்த சமன்பாடுகள். குறிபார்த்துச் சுடும் சண்டையில் ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப மாறும் என்பது அவற்றுள் ஒன்று. திறமையில் சமமான 100 பேரும் 80 பேரும் கடைசிவரை மோதினால் 80 பேர் அழியும்போது மறுபக்கம் 60 பேர் மிஞ்சுவார்கள்: 10000இலிருந்து 6400ஐக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். அதே 80 பேரை நாற்பது நாற்பதாக இரண்டு தவணையில் அனுப்பினால் எதிரிக்கு ஏறத்தாழ 82 பேர் மிஞ்சுவார்கள். துணைப்படையை (கையிருப்பில் வைத்த படையை) சில்லறை சில்லறையாகச் செலவழிக்காதே என்று ஒவ்வோர் அதிகாரிப் பள்ளியிலும் சொல்வார்கள். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டினால் அந்த அறிவுரை பிறகு மறக்காது.

ஆனால் இருட்டில், சதுப்புக்காட்டில், எதிரி எங்கே என்று தெரியாமல் சுடும்போது இந்த இருமடி விதி பொருந்தாது. மென்பொருளுக்கு அது தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. ஒரு கம்பெனியை அலையாத்திக் காட்டுக்குள் வைத்து, இரவில் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்று சோதியுங்கள். 500 மீட்டருக்கு அப்பால் இருக்கும் ஆளை அது பார்த்துவிட்டால் எண்ணைத் திருத்துங்கள். படகு மண்திட்டின் மேலும் ஓடுகிறதா? பீரங்கிக்குக் குண்டு தீர்கிறதா, அல்லது அள்ள அள்ளக் குறையாமல் வருகிறதா? ஒரே மோதலை இருபது முறை ஓட்டி, விளைவுகள் எவ்வளவு மாறுகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே விடை வந்தாலும் பயனில்லை. தலைகீழாக மாறிக்கொண்டே இருந்தாலும் பயனில்லை.

படி 4: அறைகளும் ஆட்களும்

இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக இடம் தரப்போகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பயிற்சிகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன.

விதி ஒன்றே: பயிற்சி பெறும் தலைமையகம் பாவனைத் திரையைப் பார்க்கவே கூடாது.

கேட்டவுடன் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். கணினியில் போர் என்று அழைத்துவிட்டு, திரையைக் காட்டமாட்டோம் என்றால் எப்படி? ஆனால் போரில் எந்தத் தளபதிக்கும் வானத்திலிருந்து பார்க்கும் திரை கிடைக்கவில்லை. இன்று ட்ரோன்கள் காட்டும் படங்களும் துண்டு துண்டானவை, தாமதமானவை, சில சமயம் பொய்யானவை. வரைபடம், செய்திப் பதிவுத் தாள், ஒலிக்கருவி (வாக்கி-டாக்கி போன்றது) ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, ‘இப்போது என்ன நடக்கிறது’ என்று ஊகிப்பதுதான் தலைமையகத்தின் தொழில். திரையைக் காட்டினால் அந்தத் தொழிலையே பறித்துவிடுகிறோம். மிஞ்சுவது விளையாட்டு மட்டுமே.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி ஒழுங்குபடுத்திய போர் விளையாட்டிலேயே நடுவர்தான் முழுப் படத்தையும் அறிவார். இரு தரப்பும் எழுத்தில் ஆணை கொடுக்கும். ஒவ்வொரு நகர்வும் இரண்டு நிமிடப் போருக்குச் சமம். 1942இல் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் நடத்திய பயிற்சிப் பிரிவு இதை இன்னும் கடுமையாகச் செய்தது. தரை முழுவதும் அட்லாண்டிக் கடல் வரையப்பட்டிருக்கும். கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் கடற்படைப் பெண்கள் நகர்த்துவார்கள். பயிற்சிக்கு வந்த கப்பல் தளபதிகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, சிறு துளை வழியாக, தங்கள் கப்பல் மேடையிலிருந்து உண்மையில் தெரியக்கூடியதை மட்டுமே பார்க்கலாம். ஏறத்தாழ 5000 அதிகாரிகள் அங்கே பழகிப் போனார்கள். கணினி ஒன்றுகூட இல்லை.

ஆக, அறைகளை இப்படிப் பிரியுங்கள். முதல் அறை தலைமையகம்: தளபதி, நடவடிக்கை அதிகாரி, உளவு அதிகாரி, பீரங்கி அதிகாரி, தளவாட அதிகாரி, செய்திப் பதிவாளர் என்று ஆறு பேர். சுவரில் காகித வரைபடம், அதன்மேல் ஒளிபுகும் தாள், வண்ணப் பேனாக்கள். இரண்டாவது அறை பதிலாட்களுக்கு. மூன்று பட்டாலியன்களுக்கும் பீரங்கிக்கும் ஒவ்வொருவர் என நால்வர். கணினிகள் இவர்கள் முன்னால். மூன்றாவது இடம் எதிரணிக்கு, இரண்டு பேர். பயிற்சி இயக்குநர் ஒருவர், டிவிஷன் தலைமையகமாக நடிப்பவர் ஒருவர், கவனிப்பாளர் இருவர். மொத்தம் 16 பேர். ஒரு சமூக மன்றத்தில் அடுத்தடுத்த மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்தால் போதும். எதிரணியின் சிரிப்புச் சத்தம் தலைமையகத்துக்குக் கேட்காத அளவுக்குச் சுவர் தடிமனாக இருக்கட்டும்.

பதிலாள் என்பவர் யார்? திரையில் பட்டாலியனை நகர்த்துபவர். அதே சமயம் ஒலிக்கருவியில் அந்தப் பட்டாலியன் தளபதியாகப் பேசுபவர். பயிற்சியின் தரம் இவரைப் பொறுத்தது. விளையாட்டில் கெட்டிக்காரரைவிட, நடிக்கத் தெரிந்த, பொறுமையான ஆளைப் போடுங்கள். அவர் திரையில் துல்லியமாகப் பார்க்கிறார்: சரிம்புன் கரைக்கு முன்னால் 38 படகுகள், முதல் வரிசை கரையிலிருந்து 200 மீட்டரில். இதை அப்படியே சொன்னால் பயிற்சி முடிந்தது. அவர் சொல்ல வேண்டியது இப்படி இருக்க வேண்டும்:

“பிரிகேட், இது நடுப் பட்டாலியன். தண்ணீரில் இயந்திரச் சத்தம் கேட்பதாக முன்னணிக் கம்பெனி சொல்கிறது. எத்தனை என்று தெரியவில்லை. இடப்புறக் கம்பெனியோடு தொடர்பு இல்லை, ஆள் அனுப்பியிருக்கிறேன்.”

தலைமையகம் கேட்கும்: “ஐயா, படகுகள் எந்தத் திசையில் போகின்றன?” பதிலாளுக்கு விடை தெரியும். ஆனால் இருட்டில் கரையில் நிற்கும் கம்பெனிக்குத் தெரியாது. ஆகவே, “தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்” என்றுதான் பதில் வர வேண்டும். சொல்லிவிட்டு ஆறேழு நிமிடம் காக்க வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் உளவு அதிகாரி யார் என்று தெரிந்துவிடும். ஒருவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் இதற்குள் வலப்புறப் பட்டாலியனையும் பீரங்கிக் கண்காணிப்பு நிலையையும் கேட்டு மூன்று துண்டுச் செய்திகளை ஒட்டிப் பார்த்திருப்பார்.

ஒவ்வோர் உரையாடலும் நேரம் குறித்த செய்திப் பதிவுத் தாளில் எழுதப்பட வேண்டும். கைபேசிக் குரல் குழுவைப் பயன்படுத்தினாலும் இந்தத் தாள் கட்டாயம். மீளாய்வில் இதுதான் சாட்சி.

படி 5: எதிரணிக்கு மூளை கொடுங்கள்

எதிரணி தோற்பதற்காக அமர்த்தப்பட்ட கூலிப்படை அல்ல. அதற்கு ஒரு நோக்கம் கொடுங்கள் (‘10ஆம் தேதி விடிவதற்குள் தெங்கா’), வளங்களைக் கொடுங்கள், வழியை அவர்களிடம் விடுங்கள்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பிரபலமான கதைகள். பசிபிக் கடலில் உள்ள மிட்வே தீவின் மீதான தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை 1942 மே மாதம் நடத்திய ஒத்திகையில், பகடைக் கணக்குப்படி அவர்களுடைய விமானந்தாங்கிகள் மீது ஒன்பது குண்டுகள் விழுந்து அகாகியும் காகாவும் மூழ்கின. தலைமை நடுவர் உகாகி குண்டுகளை மூன்றாகக் குறைத்தார். மூழ்கிய காகாவைப் பின்னர் மீண்டும் ஆட்டத்தில் சேர்த்தார். அடுத்த மாதம் 4ஆம் தேதி இரண்டு கப்பல்களும் அமெரிக்கக் குண்டுகளுக்கு இரையாயின. அறுபது ஆண்டு கழித்து, 2002இல் அமெரிக்கா நடத்திய ‘மில்லேனியம் சேலஞ்ச்’ பயிற்சியில், எதிரணித் தளபதியாக நடித்த ஓய்வுபெற்ற ஜெனரல் வான் ரைப்பர் மோட்டார் சைக்கிள் தூதர்கள் மூலம் ஆணை அனுப்பி, சிறு படகுகளும் ஏவுகணைகளும் கொண்டு 16 போர்க்கப்பல்களை மூழ்கடித்தார். கப்பல்களை மிதக்கவிட்டு மறுபடி தொடங்கினார்கள். எதிரணிக்குக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள். அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. பல ஆயிரம் பேர் கூடியிருக்கும் பயிற்சியை முதல் நாளே முடித்து அனுப்ப முடியாது. கப்பலை மிதக்கவிட்டது குற்றமல்ல. ஏன் மூழ்கியது என்ற கேள்வியையும் சேர்த்து மிதக்கவிடுவதுதான் குற்றம். உங்கள் பயிற்சியிலும் தலைமையகம் முதல் இரண்டு மணி நேரத்தில் அழிந்துபோகலாம். நிறுத்துங்கள், அரை மணி நேரம் அலசுங்கள், நேரத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டுங்கள். எதிரணியின் கையை மட்டும் கட்டாதீர்கள்.

படி 6: நிகழ்வுப் பட்டியல்

எதிரணி தானாக நெருக்கடி தராத விஷயங்களை இயக்குநர் உள்ளே விடுவதற்கான பட்டியல் இது. ஒவ்வொரு நிகழ்வும் படி 1இல் எழுதிய ஏதாவது ஒரு நோக்கத்தைச் சோதிக்க வேண்டும், சோதிக்காதவற்றை அடித்துவிடுங்கள். 19:00 மணிக்கு நடுப் பட்டாலியனின் தொலைபேசி அறுகிறது. 20:15க்கு டிவிஷனிலிருந்து அழைப்பு: “நிலவரம் என்ன, எழுத்தில் கொடுங்கள்.” இந்த அழைப்பு வேண்டுமென்றே மோசமான நேரத்தில் வர வேண்டும். 23:40க்கு, கரையேறியவர்கள் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு செய்திகள். மறுநாள் காலை, நிபந்தனையோடு கூடிய பின்வாங்கல் ஆணை, ஒன்றரைப் பக்கம், நிபந்தனை இரண்டாம் பத்தியில். ஆணையை எழுதும்போது ஏமாற்ற நினைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு எழுதிய ஆணைதான் களைத்த கண்களுக்கு அதிகம் குழப்பம் தரும்.

பட்டியல் நீளமாக இருக்க வேண்டாம். தலைமையகம் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால் இயக்குநர் அடுத்த நிகழ்வைத் தள்ளிவைக்கலாம். சும்மா இருந்தால் முன்னுக்கு இழுக்கலாம்.

படி 7: ஒத்திகை

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பாவது, தலைமையகத்தினர் இல்லாமல், பதிலாட்களும் எதிரணியும் மட்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மென்பொருள் விழுந்தால் எங்கிருந்து மீட்பது, சேமிப்பு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, மின்சாரம் போனால் காகிதத்தில் எப்படித் தொடர்வது ஆகியவற்றை அப்போதே தீர்த்துவிடுங்கள்.

படி 8: நடத்துவது

முதல் நாள் மாலை தலைமையகத்துக்கு ஆணையும் உளவுச் சுருக்கமும் கொடுத்துத் திட்டமிட விடுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம். பலர் இந்தக் கட்டத்தைச் சுருக்கிவிட்டு ‘சண்டை’க்கு ஓடப் பார்ப்பார்கள். துணைப்படை எங்கே, அதை எப்போது, யார் சொல்லிக் களமிறக்குவது என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது.

ஓட்டம் தொடங்கியதும் கடிகாரம் உண்மை நேரத்தில் ஓடட்டும். வேகத்தைக் கூட்டும் பொத்தான் பல மென்பொருள்களில் உண்டு, ஆசை காட்டும். ஆனால் ஓர் ஆணையை எழுதிப் பிரதியெடுத்து அனுப்ப மனிதனுக்கு ஆகும் நேரம் மாறாது. கடிகாரம் இருமடங்கு ஓடினால் தலைமையகம் பாதித் திறமையோடு இயங்குவதுபோலப் பொய்த் தோற்றம் வரும். எதுவும் நடக்காத மணிகளைத் தாண்டத்தான் வேண்டும் என்றால், நிறுத்தி, எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத் தாண்டுங்கள்.

இரவு 2 மணிக்குமேல்தான் சுவாரசியம். காப்பியும் ரொட்டிப் பரோட்டாவும் தீர்ந்த பிறகு, பணிமாற்றம் நடக்கும் நேரத்தைக் கவனிப்பாளர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். போகிறவர் வருகிறவரிடம் எதைச் சொல்லாமல் விடுகிறார்? வரைபடத்தில் உள்ள குறிகளில் எத்தனை மூன்று மணி நேரப் பழையவை? தளபதி வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாரா, அல்லது தானே ஒலிக்கருவியைப் பிடுங்கிப் பட்டாலியனோடு பேசுகிறாரா? கடைசியாகச் சொன்னது மிகப் பரவலான நோய். அவர் ஒரு பட்டாலியனின் சண்டையை நடத்தும் நேரத்தில் மற்ற இரண்டுக்கும் தளபதி இல்லை.

கவனிப்பாளர்கள் வாய் திறக்கக் கூடாது. முகத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது.

படி 9: மீளாய்வு

இதற்காகத்தான் இத்தனை பாடும். ஓட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் நான்கில் ஒரு பங்காவது இதற்கு ஒதுக்குங்கள். தூங்கி எழுந்த பிறகு வையுங்கள்.

தலைமையகத்தினர் இப்போதுதான் முதல்முறையாகத் திரையைப் பார்க்கிறார்கள். பதிவை ஓட்டுங்கள், ஒரு பக்கம் நடந்தது, மறுபக்கம் அதே நேரத்தில் அவர்கள் வரைபடத்தில் இருந்தது. அறையில் எழும் முணுமுணுப்பே பாதிப் பாடம். பிறகு செய்திப் பதிவுத் தாள்களை எடுத்து ஒரே ஒரு செய்தியின் பயணத்தைப் பலகையில் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

22:33 படகுகள் திரையில் தென்பட்டன.
22:41 முன்னணிக் கம்பெனி பட்டாலியனுக்குச் சொன்னது.
22:52 பட்டாலியன் பிரிகேட்டுக்குச் சொன்னது.
23:10 பிரிகேட் வரைபடத்தில் குறி விழுந்தது.
23:34 பீரங்கிக்கு ஆணை போனது.

மொத்தம் 61 நிமிடம். இருட்டில் கம்பெனியும் பட்டாலியனும் எடுத்துக்கொண்ட 19 நிமிடத்தை விட்டுவிடலாம். மீதி 42 நிமிடமும் தலைமையக அறைக்குள், நான்கு மேசைகளுக்கு நடுவே போனவை. செய்தி கிடைத்தபின் வரைபடத்தில் குறி விழ 18 நிமிடம் ஏன்? குறி விழுந்தபின் 24 நிமிடம் யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார்கள்? யாரைத் திட்டுவது என்று தேடாமல் இந்த இடைவெளிகளை மட்டும் அலசினால் பேச்சு தானாக நேர்மையாகும். அரை மணி நேரம் என்று படி 1இல் எழுதிய நோக்கம் நிறைவேறவில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவும் தேவையில்லை.

பேச வேண்டியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இயக்குநர் கேட்க வேண்டிய கேள்விகள்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்? என்ன நடந்தது? ஏன்? அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்? பதவியில் மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் ‘சரிங்க சார்’ என்று முடித்துக்கொள்வார்கள். ஆகவே செய்திப் பதிவாளரிடமிருந்து தொடங்குங்கள். அந்த அறையில் எல்லாவற்றையும் கேட்டவர் அவர் ஒருவரே. எதிரணியையும் கடைசியில் அழையுங்கள். உங்கள் திட்டத்தில் அவர்களுக்குப் பயம் தந்தது எது, சிரிப்பு தந்தது எது என்று சொல்லட்டும்.

எதை நம்பக் கூடாது

ஒரு முறை ஓட்டி, சரிம்புனில் எதிரியைத் தடுத்துவிட்டீர்கள் என்றால், 1942இல் தடுத்திருக்கலாம் என்று பொருள் இல்லை. பயிற்சிக்கான பாவனை வேறு, ஆய்வுக்கான பாவனை வேறு. ஆய்வு என்றால் நூற்றுக்கணக்கான ஓட்டங்கள், சரிபார்த்த தரவு, மாற்றி மாற்றிச் சோதித்த ஊகங்கள் வேண்டும். பகல் முழுவதும் குண்டுமழையில் பள்ளத்தில் படுத்திருந்தவனின் நடுக்கத்தை எந்தத் தரவுத்தளமும் எண்ணாக வைத்திருக்கவில்லை. மன உறுதிக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அது யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட எண்.

முடிந்ததும் செய்திப் பதிவுத் தாள்கள், வரைபடத்தின் ஒளிபுகும் தாள்கள், பாவனைப் பதிவு மூன்றையும் ஒரே உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சூழலை மறுபடி ஓட்டுங்கள், ஆனால் நாற்காலிகளை மாற்றி: தளபதி பதிலாளாகட்டும், தளவாட அதிகாரி எதிரணிக்குப் போகட்டும், செய்திப் பதிவாளர் நடவடிக்கை அதிகாரியாகட்டும். அப்போது அந்த 42 நிமிடம் எவ்வளவு குறைந்தது என்று பழைய உறையைப் பிரித்து ஒப்பிடலாம்.